அரை மணிக் காசு

மாசி ஆறு. சட்டம் சட்டமாகத் தூக்கி
ஒன்பது ராணி அறைகளைக் கிள்ளினேன்.
பத்தாவது, அடை மடிப்புக்குள்
நிலக்கடலையாய்த் தொங்கியது
பிறகுதான் தெரிந்தது.

பதினோரு மணி வெயிலில் பழைய ராணி
பாதிக் குடியோடு புறப்பட்டாள்.
தென்னையில் இறங்கவில்லை,
புதாற்றுக்கரைக் கிளுவையிலும் இல்லை,
சேதுராயர் வயலில் அறுத்துக்கொண்டிருந்த
மெஷின் ஏணியில்.

ஆத்தூர் டிரைவர் வரப்புக்குத் தாவினான்.
எஞ்சின் நிற்கவில்லை.
“மணிக்கு இரண்டாயிரத்து நானூறு”
என்றார் சேதுராயர்,
தேனீக்களிடம் இல்லை.

சர்க்கரைத் தண்ணீர் தெளித்தேன்.
கூடையை ஏந்தி, ஏணியில் ஒரு தட்டு.
ஒரு படி நெல் கனம் விழுந்தது.
அரை மணிக் காசைக் கொடுத்தேன்.

எட்டாம் நாள்
பழைய பெட்டியில் காது வைத்தால்
புது ராணி கூவுகிறாள்.
அடைக்குள்ளிருந்து இன்னொருத்தி
பதில் சொல்கிறாள்.

மெஷின் இன்னும்
ஒரத்தநாட்டை விட்டுப் போகவில்லை.