முப்பத்தொன்றாம் தேதிக்குள்

டிசம்பர் பிறந்தால் பாடாங் செராயில்
எல்லோருக்கும் பல் வலிக்கும்.
கையுறைத் தொழிற்சாலை வாசல் பலகையில்
சிவப்பு மையில் எழுதியிருக்கும்:
பல்லுக்கான முந்நூறு வெள்ளி
முப்பத்தொன்றோடு செத்துப்போகும்,
அடுத்த வருடத்துக்கு நடந்து வராது.

ஐந்து டிசம்பர் விட்டுவிட்டேன்.
வலிக்காத பல்லை எதற்குப் போய்க் காட்டுவது?
இந்த முறை லோகாம்பாள்,
என் வரிசைக்கு லீடர்,
"விட்டா கம்பெனிக்குத்தானேடி லாபம்" என்றாள்.
அது சுருக்கென்று தைத்தது.

குணாளன்தான் மோட்டாரில் கொண்டுவந்து இறக்கினார்.
அவருக்கு இடது கன்னம் புடைத்திருந்தது.
மூன்று நாளாய்க் கிராம்பு, பனடோல்,
ராத்திரியில் ஐஸ்.
செம்பனைக் குலை வெட்டும் காண்ட்ராக்ட் ஆளுக்கு
எந்த அட்டையிலும் பெயர் கிடையாது.
"நீ போ, நான் கீழே நிக்கிறேன்."

டயர் கடைக்கு மேல்மாடி.
பெஞ்சு நிறைய எங்கள் தொழிற்சாலைச் சட்டைகள்.
என் நம்பர் பதினெட்டு.

டாக்டர் சியூ விளக்கை இறக்கினார்.
தினம் பன்னிரண்டு மணி நேரம்
வெளிச்சத்துக்கு நேரே உறையைப் பிடித்து
ஊசித்துளை தேடுகிறவள் நான்.
இன்றைக்கு என்னைப் பிடித்துத் தேடினார்கள்.
இரண்டு இருந்தன.
அவர் விரலில் நீல உறை.
வாயைப் பிளந்தபடியே
மணிக்கட்டு மடிப்பைப் பார்த்தேன், பழக்கம்.
ஓட்டை இல்லை.

கறை எடுக்க நூறு,
அடைக்க எழுபது, இன்னொரு எழுபது.
மிச்சம் அறுபது.
"இதை என் வீட்டுக்காரருக்கு மாத்த முடியுமா?"
மரத்த நாக்கில் அறுபது
அழுவதாக வந்தது.
கவுண்டரில் நோராய்னி எதுவும் சொல்லாமல்
திரையை என் பக்கம் திருப்பினாள்.

என் பெயர்.
அதற்குக் கீழே அவர் பெயர்.
முந்நூறு. யாரும் தொடாதது.

வேலைக்குச் சேர்ந்த வாரம்
கல்யாணச் சான்றிதழ் நகல் கேட்டார்கள்.
தீபாவளி விருந்துக்குத் தலை எண்ணுகிறார்கள்
என்று நினைத்துக் கொடுத்தேன்.
கையேட்டில் பதினாலாம் பக்கம் இருக்கிறதாம்.
கையேடு எங்கள் வீட்டு அலமாரியில்
ஆடுகிற காலுக்கு அடியில் இருக்கிறது.

ஐந்து வருடம், ஐந்து முந்நூறு.
அந்த ஐந்துக்குள் அவருக்கு மூன்று பல்.
ஒன்று கோழி எலும்பில் உடைந்தது,
ஒன்றை அரசாங்க கிளினிக்கில் பிடுங்கினார்கள்,
ஒன்றை அவரே, குறடால்,
குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
எங்களுக்கு
ஒரு சொல் தெரியாமல் பல் போனது.

கீழே ஓடினேன்.
"எவ்வளவு கட்டணும்?" என்றார்.
"ஒண்ணுமில்ல" என்றால் நம்பவில்லை.
மாடிப்படியில் பூட்ஸைக் கழற்றினார்,
தோட்டத்து மண் அப்பிவிடுமாம்.
காலுறையில் பெருவிரல் பக்கம் ஒரு துளை.
அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஏறினேன்.

பிடுங்க வேண்டாம் என்றார் டாக்டர்,
வேரைச் சுத்தம் பண்ணலாம்,
ஆனால் முந்நூறில் அடங்காது.
நான் நாள்காட்டியைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
இன்றைக்குச் சீழ் எடுத்து மருந்து வைப்பது,
பாக்கி ஜனவரி ஐந்தாம் தேதி,
புது முந்நூறில்.
சம்பளம் வராத மாதத்தில்
மளிகைக் கடனை இரண்டாய் உடைக்கத் தெரிந்தவளுக்கு
இது புரியாதா?

கீழே கடையில் தே ஓ குடித்தோம்.
இரண்டு பேர் உதடும் ஒழுகியது.
அவர் சட்டையை நான் துடைத்தேன்,
என் கழுத்தை அவர்.

வீட்டுக்கு வந்ததும் கையேட்டை உருவினேன்.
அலமாரி ஒருபக்கம் சாய்ந்தது.
"எதையாவது முட்டுக்கொடு" என்றார் வீங்கிய வாயோடு.
இருங்கள்.
பதினைந்தாம் பக்கத்தில்
மூக்குக்கண்ணாடி என்று போட்டிருக்கிறது.