இரண்டாம் தொடுகை

பாரம் என்றுதான் சொல்வோம் இங்கே,
எடையே இல்லாத அந்த ஒற்றைத் தாளை.
கல்லூரி மாறும் காரணம் எழுத
ஒன்றரை வரி விட்டிருப்பார்கள்.
லோஷினி எழுதியது: "குடும்பச் சூழல்."
அவள் குடும்பம் அன்றும் இன்றும்
பட்டர்வொர்த்தில், அதே அடுக்குமாடியில்,
அதே பழுதான மின்தூக்கிக்குப் பக்கத்து வீட்டில்.

கோலாலம்பூர் போய்விட்டாள்.
ஆளுக்கொரு காரணம் கிடைத்தது எங்களுக்கு.
அங்கே உதவித்தொகை முந்நூறு வெள்ளி கூட
என்றார் பயிற்றுநர், டயரியை மூடியபடி.
பையன் விஷயம் என்றாள் அஃபிகா.
ஹுவெய் லிங் மட்டும்,
கெடாவிலிருந்து அந்த நெட்டைச் செட்டர் வந்த நாளிலிருந்தே
பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது என்று
லோஷினி சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.
நான் எதுவும் சொல்லவில்லை.
என் பக்கத்துக் கட்டிலில் இரண்டு வாரம்
வெறும் மெத்தை கிடந்தது,
மேலே விரல்களுக்குச் சுற்றும் டேப்,
பாதி உருளை.

இரண்டு ஆண்டுகள் அவள் தூக்கிய பந்தை
நான் அடித்தேன்.
வலை நடுவில் கண்ணை மூடிக்கொண்டு எகிறினாலும்
என் உள்ளங்கை தேடி வரும் அது.
நாளிதழில் படத்தோடு வந்தது என் பெயர்.
பந்து யாரிடமிருந்து வந்தது என்று
நாளிதழ் கேட்பதில்லை.
நானும் கேட்டதில்லை.

ஒருமுறை, சுங்கைப்பட்டாணியில்,
எனக்குத் தூக்குவது போலக் கை உயர்த்தி
வலைக்கு மேல் தானே தள்ளிவிட்டாள்.
எதிரணி அசையவே இல்லை.
புள்ளி எங்களுக்குத்தான்.
பயிற்றுநர் விசிலடித்து அவளை வெளியே இழுத்தார்.
"தூக்கிக் குடு. அதான் உன் வேலை."
நான் சிரித்தேன்.
கெட்ட எண்ணம் எதுவுமில்லை அதில்,
வாய் வந்தது, சிரித்தேன்.

இந்த மார்ச்சில் பாலம் தாண்டி வந்தது அவர்கள் பேருந்து.
குளுகோர் மண்டபம், மாலை மழை,
ஒழுகும் இடத்தில் அதே சிவப்பு வாளி.
ஊதாச் சட்டையில் வந்தவள்
வாளியைப் பார்க்காமலேயே சுற்றி நடந்தாள்.
இடது மூலையிலிருந்து சர்வீஸ் போட்டாள்,
அங்கிருந்து வரும் பந்துக்கு நிமிர்ந்தால்
மூன்றாவது விளக்கு கண்ணைக் குத்தும்.
அந்த மூலையை அவளுக்குக் காட்டியவளே நான்தான்.

நான்காவது செட். இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று.
பந்து அவளிடம் போகிறது.
மணிக்கட்டுகள் எழுகின்றன,
எனக்குத் தெரிந்த மணிக்கட்டுகள்.
இரண்டு எட்டு வைத்து நான் எகிறிவிட்டேன்,
தடுக்க அல்ல,
வலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது
கால்களுக்கு மறந்துபோயிற்று.
அவள் இடது உள்ளங்கையைத் திருப்பினாள்.
அவ்வளவுதான்.
என் முழங்கைக்குப் பின்னால்
பந்து தரையில் பட்ட சத்தம் கேட்டபோது
நான் இன்னும் காற்றில் இருந்தேன்.

அவர்களுடைய பயிற்றுநர், கண்ணாடி போட்ட அம்மா,
இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்
தண்ணீர் போத்தலைத் திறந்தார்,
தினமும் நடப்பதுதானே என்பது போல.

ஆட்டம் முடிந்து வலைக்கடியில் கைகுலுக்கல்.
ஏன் போனாய் என்ற கேள்வியை
ஆறு மாதமாக வைத்திருந்தேன்.
"முட்டி பரவாயில்லையா?" என்றாள்.
"ம்."
"ஐஸ் வைக்கிறியா?"
"சில நாள்."
"அந்த லைட்ட இன்னுமா மாத்தல?"
சிரித்துக்கொண்டே போய்விட்டாள்,
விரல்களில் அதே டேப், இப்போது நீல நிறம்.

திங்கட்கிழமை பயிற்சி.
ஷாஹிரா, அந்தக் கெடாக்காரி,
உயரமாக, சுத்தமாகத் தூக்கிக் கொடுப்பவள்,
என்ன நினைத்தாளோ,
ஒரு பந்தைத் தானே வலைக்கு மேல் தள்ளினாள்.
பயிற்றுநரின் கை விசிலுக்குப் போனது.
"புள்ளி நமக்குத்தானே, சார்" என்றேன்.
விசில் சத்தத்தில்
அது யாருக்கும் கேட்கவில்லை.