ஐந்து லிட்டர் நகரம்

வல்மியெராவில், மூடிப்போன பல் மருத்துவமனையின்
நிலவறையில் இருக்கிறது என் நகரம்.
நீளம் மூன்று மேசை.
ஆறு என்று நான் அழைப்பது நீலம் பூசிய தகரம்.
நீரேற்று நிலையம், மீன்தொட்டி மோட்டார்.
மேல்நிலைத் தொட்டி ஓர் ஊறுகாய் ஜாடி,
அதில் இன்னும் வெள்ளரி வாசம்.
சுவரோரம் பொருத்திய கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும்
அசல்.
நிஜ ஊர்களுக்குத் தண்ணீர் விடும் அதே ரகம்,
அதே பச்சை விளக்கு,
தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை
யாரும் மாற்றாத அதே பழக்கமும்.

தொண்ணூறு பேர் குடியிருக்கிறார்கள்.
பொம்மை ரயில் கடையில் வாங்கியவர்கள்,
நகத்தின் உயரம்.
பேருந்து நிறுத்தத்தில் ஒரு சிவப்புக் கோட்டுப் பெண்.
எப்போதும் முதலில் நனைகிறவள் அவள்தான்,
ஜாடிக்கு நேர் கீழே நிற்கிறாள்.
இடம் மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

நவம்பர், செவ்வாய்க்கிழமை.
எட்டுப் பேர் வந்தார்கள், பூட்ஸில் சேறோடு.
நான்கு பேர் காக்க, நான்கு பேர் உடைக்க.
சீட்டுக் குலுக்கினேன்.
ராய்திஸுக்கு உடைக்கும் வேலை.
வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறவன்,
விரல்கள் அவ்வளவு சுத்தம்.
விஸ்மாவுக்குக் காக்கும் வேலை.
யெல்கவா அருகே குடிநீர் நிலையத்தில்
பத்தொன்பது வருட இரவுப் பணி.
வந்ததும் சொன்னாள்:
"கம்ப்யூட்டர் எனக்கு வராது. மேலாளர் அனுப்பினார்.
மதியம் சூப் உண்டு என்றார்."

சூப் இருந்தது. பீட்ரூட்.

இரண்டரை மணிக்கு ராய்திஸ் உள்ளே நுழைந்துவிட்டான்.
ஆனது பதினோரு நிமிடம்.
கெட்டிக்காரன், எதையும் அணைக்கவில்லை.
காலையில் பதிந்துவைத்த அளவுகளை எடுத்து
மதியத்தின் திரையில் ஓடவிட்டான்.
நீர்மட்டம் அறுபத்திரண்டு.
அறுபத்திரண்டு. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.
உயிரோடிருப்பது போல் லேசாக அசைந்துகொண்டு
ஒரு செத்த காலை.

காக்கும் மூவர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.
விஸ்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.
"மோட்டார் குரல் மாறிவிட்டது."
யாருக்கும் கேட்கவில்லை. எனக்கும்தான்.
அரைச் சுருதி ஏறியிருக்கும், அவ்வளவே.

கண்ணால் கண்டது பொய் என்று
முடிவு கட்டவில்லை அவள்.
காதால் கேட்டதையும் நம்பவில்லை.
எழுந்து வந்து, ஸ்வெட்டர் கையைச் சுருட்டி
ஜாடிக்குள் விரலை விட்டாள்.
மெய்யை விசாரிக்க
மெய்தான் வேண்டியிருந்தது.
விளிம்புக்கு ஒரு நகம் கீழே நீர்.
திரையில் அறுபத்திரண்டு.

ஒயரை அவள் பிடுங்குவதற்குள்
ஜாடி வழிந்து, சந்தை வழிந்து,
தேவாலயப் படியில் மரத்தூள் மிதந்து,
சிவப்புக் கோட்டுக்காரி குப்புற விழுந்து
தகர ஆற்றின் பக்கமாகப் போனாள்.

உடைத்த அணியில் மூவர் கைதட்டினார்கள்.
ராய்திஸ் தட்டவில்லை.
விசைப்பலகையிலிருந்து எடுத்த கைகளை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்துக்கொண்டான்.
இதுவரை அவன் எழுதிய எதுவும்
ஈரமாக இருந்ததில்லை.

"துணி எங்கே?" என்றான்.

இருவரும் முழந்தாளிட்டுத் துடைத்தார்கள்.
பிழிந்தபடி அவள் கேட்டாள்:
"பழைய எண்ணை எப்படிப் புதிதாய்க் காட்டினாய்?"
அவன் கேட்டான்:
"மோட்டார் எந்தச் சுருதியில் இருக்க வேண்டும்?"
வாளி நிறையும்வரை பாதிதான் பேசி முடித்தார்கள்.
மீதியைப் பேருந்து வரும்வரை, வெளியே, பனித்தூறலில்.

நான் அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
தாக்குதல்: வெற்றி.
கண்டுபிடிக்க ஆன நேரம்: நான்கு நிமிடம்.
கருவி என்ற கட்டத்தில் 'விரல்' என்று எழுதினேன்,
அடித்துவிட்டுக் 'கள ஆய்வு' என்றேன்,
அதையும் அடித்துவிட்டு
மறுபடி விரல்.

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
தலை உலர்த்தும் கருவியால் ஊரைக் காயவைக்கிறேன்.
ஆட்களை எண்ணினால் எண்பத்தொன்பது.
வடிகால் வலையில் கிடந்தாள் சிவப்புக் கோட்டு.
காலடியில் பசை தடவி
அதே நிறுத்தத்தில், அதே ஜாடிக்கு நேர் கீழே.
நாளைக்கு மின்வாரியத்து ஆட்கள் வருகிறார்கள்.
இனித்தான் தெருவிளக்குகளை
ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.