மூன்றா எட்டா

அணை வந்தால் பள்ளத்தாக்கு முழுகும் என்றார்கள்.
வீடுகளுக்கு விலை போட்டார்கள்,
கல்லறைகளைத் தோண்டிப் பெட்டி மாற்றினார்கள்.
பாலத்தை என்ன செய்வதென்றுதான்
யாருக்கும் தெரியவில்லை.

இண்டியானாவில், லிண்டல் ஓடையின் மேல்,
எண்பத்தேழு வருஷம்
தனக்குத்தானே குடை பிடித்து நின்ற மரப்பாலம்.
கூரை நமக்காக இல்லை.
மழைக்கு ஒதுங்கியவர்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள்,
அவ்வளவுதான்.
அது ஓக் உத்தரங்களுக்கு.
நனையாத மரம் நூறு வருஷம் நிற்கும்,
நனைந்தது இருபது.

டெல்மர் ஸ்ட்ரௌட்டின் ஆட்கள்
முதலில் கூரையைப் பிரித்தார்கள். வேறு வழியில்லை.
பிறகு துண்டுக்குத் துண்டு சுண்ணக்கட்டியில் எண்:
மேற்கு ஒன்று, மேற்கு இரண்டு, கிழக்கு ஒன்று...
அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்
புல்லில் மல்லாந்து கிடந்தன.

அன்றிரவு மழை.

விடிந்தபோது எண்கள் பாலாக ஓடியிருந்தன.
மிஞ்சியதை வைத்து, மிஞ்சாததை ஊகித்து,
பதினோரு மைல் தள்ளி
ஒரு பூங்காவின் வாத்துக்குளத்தின் மேல் கோத்தார்கள்.
மூட்டுகள் பொருந்தின.
லாரி நிறையத் தர்பூசணி வந்ததாம் திறப்புவிழாவுக்கு.

முப்பது வருஷம் கழித்து
வரி அலுவலகத்து ஓர்ஃபா குவில்லன்
பழைய புகைப்படத்தோடு வந்து நின்றாள்.
'குதிரையை நடத்திச் செல்லவும், மீறினால் இரண்டு டாலர்':
கிழக்கு முகப்பில் தீட்டிய எழுத்து
மேற்கைப் பார்க்கிறது.
வெயிலில் கறுத்த தெற்குச் சுவர்
வடக்கில் நின்று பாசி பிடிக்கிறது.
மொத்தப் பாலமும் முதுகைக் காட்டிக்கொண்டு.

மூன்று மணி நேரம் கூட்டம்.
திருப்பி வைக்கும் செலவில் இரண்டு கூரை போடலாம் என்றார் ஒருவர்.
பொய்யைப் பாதுகாப்பதா என்றார் இன்னொருவர்.
கண்டுபிடித்தவளே கடைசியில் கேட்டாள்:
"பாலத்துக்கு முன்பக்கம் எது?"
பதினாலுக்குப் பதினொன்று. அப்படியே விட்டார்கள்.

ஏப்ரல்தோறும் நான் வருகிறேன்,
ஒரு குத்தூசி, ஒரு டார்ச், ஒரு படிவத்தோடு.
புகைமணியை அமுக்கி அலறவிட்டு,
கூரைத் தகட்டை எண்ணி,
உத்தரம் உத்தரமாகக் குத்திப் பார்க்கிறேன்.
இற்ற மரம் வெண்ணெய் மாதிரி வழிவிடும்.
நல்ல மரம் மணிக்கட்டில் பதில் சொல்லும்.

இன்று, வளைவுக்கடியில், வெளிச்சம் படாத இடத்தில்
மழை மறந்துபோன சுண்ணத் தடம் ஒன்று.
மூன்றா எட்டா, தெரியவில்லை.
குத்தினேன். ஊசி இறங்கவில்லை.

உத்தர எண் என்னவென்று கேட்கிறது படிவம்.
எட்டு என்று எழுதினேன்.
பிறகு ஓரத்தில், பென்சிலால், மூன்று.