ஐந்தொகை

பள்ளத்தூர் வீட்டின் தலைவாசலுக்கு இரண்டு பூட்டு.
ஒன்று மூத்த வழியார் போட்டது.
மற்றது இளைய வழியார், மறுநாளே போட்டது.
இரண்டு சாவியும் ஒரே நாளில் வந்து சேர
பதினோரு மாதம் ஆயிற்று.
நான் கணக்கன். பாகப்பிரிவினைக்குச் சாமான் எழுத வந்தவன்.

இரண்டாங்கட்டுச் சுவரில்
ஜப்பான் பூக்கல்லுக்குப் பக்கத்தில் இங்கிலாந்துப் பூக்கல்,
இடையில் நூல் நுழையாது.
இவற்றைச் சுட்ட தேசங்கள்
ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட வருஷங்களிலும்
கல் நகரவில்லை.
எழுதிக்கொண்டேன்: பூக்கல், இருநூற்றுப் பதினாறு. விரிசல், மூன்று.

தகரப்பெட்டிக்குள் ஒரு கடிதம்.
மூவார் கடை மேலாள் சாத்தப்பன் எழுதியது, நாற்பத்திரண்டில்.
தபால் கப்பல் நின்றுபோனதால்
நாலு வருஷம் கழித்து
எழுதியவரே கொண்டுவந்து கொடுத்த கடிதம்.
சிவமயம். ரப்பர் விலை. வரவேண்டிய வட்டி.
பிறகு, அதே மசியில், அதே நிதானத்தில்:
"ராஜா தலை போட்ட நோட்டு வைத்திருந்தால் அடி.
வாழைமர நோட்டை வாங்க மறுத்தாலும் அடி.
வாங்கிக்கொள்கிறேன்.
எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை."

மத்தியானம் பங்காளிகள் கைப்பேசியில் கூடினார்கள்.
சாமான் பட்டியல் நாலு நிமிஷம்,
மிச்சமெல்லாம் உலகம்.
சிங்கப்பூரிலிருந்து பனையப்பன் சொன்னார்:
"பழைய கதைதான். கொடி மட்டும் வேற."
டல்லாஸிலிருந்து சிகப்பி விடவில்லை:
"எப்படிப் பழைய கதை?
அன்னைக்குத் துறைமுகத்தைக் குண்டு போட்டுப் பிடிச்சாங்க.
இன்னைக்குக் கடன் கொடுத்துப் பிடிக்கிறாங்க.
திருப்பிக் கட்டலேன்னா ஊரே போச்சு."

நான் வாயைத் திறக்கவில்லை.
மடியில் விரித்திருந்த பேரேட்டில்
பர்மாக் கணக்கு, பக்கம் எழுபது:
கடனுக்கு ஈடாய் வந்த நெல்வயல்,
ஏக்கர் ஏக்கராக, கட்ட முடியாதவன் பேரோடு.
மௌங் என்று தொடங்கும் பேர்கள்.
பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்திலும் இருந்தார்கள்.

பின்கட்டுத் தேக்குத்தூண் எட்டு, இடத்தில் இல்லை.
யார் விற்றது என்பது வேறு வழக்கு.
அமெரிக்காவுக்குப் புறப்பட்டுத்
தூத்துக்குடியில் பெட்டிக்குள் நிற்கின்றன.
ஒரே ராத்திரியில் அங்கே வரி ஏறிற்றாம்.
வாங்கியவர் போனை எடுப்பதில்லை.
நிற்கிற நாளுக்கு வாடகை ஓடுகிறது, டாலரில்.
பென்சிலால் எழுதிவைத்தேன்.

வாசலில் ஏணிமேல் சந்தியாகு
காவல் காமிரா மாட்டிக்கொண்டிருந்தான்.
"காமிரா சீனா சார். ஆப் அமெரிக்கா.
ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேச மாட்டேங்குது,
காலையிலேர்ந்து கெஞ்சிக்கிட்டிருக்கேன்."
இறங்கி வந்து ஒயரைச் சுருட்டியபடி கேட்டான்:
"இதுல யாரு சார் பாப்பாங்க?"
"பங்காளிங்க."
"அவங்க பாக்கட்டும்.
அவங்களுக்கு மேல?"

சாவி இரண்டையும் தேடுகிற சாக்கில்
பைக்குள் கையை விட்டேன்.