அடம்பன் கொடி

பதினேழாவது ரிப்பர்
விடியப்புறம் நாலு இருபதுக்கு வந்தது.
பெர்மிற்றில் கனகராயன் ஆறு.
பின்சக்கரத்தில் சுற்றிக் கிடந்தது
அடம்பன் கொடி, ஊதாப் பூவோடு.

ஆற்றங்கரையில் அடம்பன் எங்கே?
யோசிக்க முதல் விரல் போய்விட்டது:
ஆற்றுமணல். மூன்று கியூப். எழுபத்துநாலு கிலோமீற்றர்.
டீசலின் கரிக்கணக்கைப் போன் தானே போட்டது.
பச்சை.
முந்தின பதிவின் ரேகையை விழுங்கி
நானூற்றுப் பன்னிரண்டாம் பதிவு
கண்ணை மூடிக்கொண்டது.

இனி அது திருநெல்வேலியில் எழும்பும்
மாணவியர் விடுதியில் மட்டுமில்லை.
கொழும்பு வங்கியில், காசு தந்த ஒஸ்லோவில்,
ஒப்பந்தகாரரின் மேசையில்,
ஒரே வரி, ஒரே நொடியில்.

பயிற்சியில் சொன்னார்கள்,
புளொக்செயினுக்கு அழிறப்பர் இல்லை,
ஒருவரும் பொய்யாக்க ஏலாத பேரேடு என்று.
பொய்யை எழுதிக் குடுத்தால்
அதையும் அப்படியே காக்கும் என்று
சொல்லவில்லை.
தேநீர் இடைவேளை வந்துவிட்டது.

மத்தியானம் கும்பியில் ஒரு சிட்டிகை எடுத்து
நாக்கில் வைத்தேன்.
உப்பு.
பல்லில் ஒரு சிப்பித் துண்டு.

மணற்காட்டில் ஒரு மேடு பதிந்திருக்கும்.
அதற்குப் பின்னால் யாரோ ஒரு வீட்டில்
கிணற்றுத் தண்ணி இன்றைக்குச் சவர்க்காரம் நுரைக்காது.
அந்தக் கிணற்றுக்குப் படிவத்தில் நிரல் இல்லை.
இங்கே, மூன்றாம் மாடித் தூணுக்குள்
கம்பி துருவேறும் நாளுக்கும் இல்லை.

"பிள்ளை, பச்சை விழுந்திட்டுது.
பிறகேன் கிளறுறீர்?"
சத்தியரூபன் சேர் கோபமாய்ச் சொல்லவில்லை.
அவருக்கு வெள்ளிக்கிழமை கொங்கிறீற்.

இரவு. கரண்டும் இல்லை.
அழிக்க ஏலாது, சேர்க்க ஏலும்.
பதிவு 419: பதிவு 412 பிழை.
மணல் ஆற்றினதல்ல, கடற்கரையினது.
சான்று: படம் ஒன்று, கொடியும் பூவும்.
பிழையாய்ப் பதிந்தவர்: தபோதினி.
திருத்துபவர்: தபோதினி.

சிக்னல் சுழன்றது, நின்றது, சுழன்றது.
போய்விட்டது.
நாலு இடத்திலும் இனி
என் பொய்யும் நானும்
ஏழு வரி இடைவெளியில் இருப்போம்,
கட்டடம் இடிந்த பிறகும்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்காம்.
இது ஒரு முழக் கொடி.
கைப்பைக்குள் வாடிக்கொண்டிருக்கிறது.

விடிய வாசலில் அடுத்த ரிப்பர்.
பெர்மிற்றில் அதே ஆறு.
பத்துச் சக்கரமும் கழுவி
ஈரம் சொட்டச் சொட்ட நின்றது.

நான் நாக்கை நனைத்துக்கொண்டேன்.