என்ன தைத்தார்?

வெள்ளிக்கிழமை வந்தது முதல் குப்பி,
மூன்றாம் மாடியிலிருந்து.
வலப்பக்க விலாவிடுக்கில் ஊசியிட்டு இழுத்த நீர்.
ஒன்றரை லிட்டரில் என் பங்கு இரண்டு விரற்கடை.
சுழற்றினேன். படிந்ததைக் கண்ணாடியில் தேய்த்தேன்.
புண்பட்ட செல்லுக்கும் கெட்டுப்போன செல்லுக்கும்
நீரில் ஏறக்குறைய ஒரே முகம்.
'உறுதியாகச் சொல்ல இயலாது' என்றெழுதிய
டாக்டர் தெகானுத்தி
பேனாவை மூடவில்லை.

படிவத்தில்:
நெரினா விசிந்தின். வயது எழுபத்தெட்டு.
தொழில்: தையல்.

தையலா?
தொலைபேசியை எடுத்தார்.
என்ன தைத்தார் என்று கேளுங்கள்.

பதில் வர இரண்டு நாள்.
மொன்ஃபால்கோனேயின் ஜன்னல்களையெல்லாம்
போரா காற்று உலுக்கிக்கொண்டிருந்தது.
கப்பல் கட்டும் தளத்தில் நாலு வருஷம்,
கல்யாணத்துக்கு முன்னால்.
நீராவிக் குழாய்களுக்குத் தலையணை.
வெள்ளைத் துணி, வெள்ளை நூல்,
உள்ளே சூடு தாங்கும் வெள்ளைப் பஞ்சு.
'மத்தியானம் அதிலேயே தலைவைத்துத் தூங்குவோம்,
அத்தனை மெத்தென்றிருக்கும்' என்றாராம்.

பிறகு ஒரு விரல் நுழையும் துளை.
அதன் வழியே ஒரு விளக்கு, ஒரு குறடு.
நுரையீரலுக்கு உறை இரண்டு:
ஒன்று அதோடு ஒட்டியது, ஒன்று விலாவோடு.
நடுவே, வழுக்கிக்கொள்ள
ஒரு கரண்டிகூடத் தேறாத ஈரம்.
வெளியுறையில்
சவ்வரிசி சிந்தினாற்போல் இருந்ததாம்.
ஆழமாகக் கிள்ளுங்கள், கொழுப்பு தெரியட்டும்
என்று முன்பே சொல்லியிருந்தோம்.

ஆறு துண்டு.
மெழுகில் புதைத்தேன், மூன்று மைக்ரான் சீவினேன்,
வெந்நீரில் மிதந்ததைக் கண்ணாடியால் ஏந்தினேன்.
கால்ரெட்டினின் சாயம் பழுப்பாய்ப் பிடித்தது.
நுரையீரல் புற்றைக் காட்டும் சாயம் பிடிக்கவில்லை.
செல்கள் கொழுப்புக்குள் இறங்கியிருந்தன,
வரிசையாக, இடைவெளி விட்டு.
ஓட்டுத்தையல் மாதிரி, என்றேன்.
டாக்டர் நிமிரவில்லை.
மீசோதெலியோமா. எபிதீலியாய்டு.
மூன்று வகையில் கொஞ்சம் பொறுமையுள்ளது.

இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்கிறது?
கீழ்த்தளத்தில் ஸ்லாவ்கோ படத்தைத் திறந்து
உறையின் தடிமனை
மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்தார்,
ரவிக்கைக்கு அளவெடுப்பதைப் போல.
கூட்டினால் பத்தொன்பது மில்லிமீட்டர்.
விலா எலும்பைத் தொடவில்லை.
கணுக்கள் சுத்தம்.
வயிற்றுக்குள் எதுவுமில்லை.
இரண்டாம் நிலை.
அறுவையா மருந்தா என்று
வியாழக்கிழமை மேசைக்கு ஏழு பேர் வருவார்கள்.
அவர்களில் அந்தம்மாளைப் பார்த்தவர் இருவர்.

அறிக்கையில் 'தையல்' என்பதற்குப் பக்கத்தில்
டாக்டர் கையால் எழுதினார்: கல்நார்.
மெழுகுக் கட்டிகளுக்கு எண்ணிட்டு
இழுப்பறையைத் தள்ளினேன்; பாதியில் நின்றது, 
அவ்வளவு நிறைந்திருக்கிறது அது.

வலது நுரையீரல்.
மத்தியானங்களில் எந்தப் பக்கம்
ஒருக்களித்துப் படுத்தார் என்று
யாரும் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்கு இடமில்லை.